நாவல் நிற அறை

போர்ட்டேஜ் தெருப் பெயிண்ட் கடையில்
பையன் நீட்டிய துண்டுத் தாளில்
'மாலை ஒயின்' என்றிருந்தது.
எனக்கு அது
நாவற்பழம் தின்று நீட்டிய நாக்கு.

வெள்ளை அடி, என்றார் தயாபரன்,
நாளைக்கு வீடு விற்கேக்க கரைச்சலில்லை.
ஹோல் வெள்ளை, குசினி வெள்ளை,
சன்னலுக்கு வெளியே ஐந்து மாதம்
வின்னிப்பெக் முழுவதும் வெள்ளை.

சுவரில் ஒன்பது சதுரம் பூசிக்
காலையில் பார்த்தேன், விளக்கில் பார்த்தேன்.
பனி வெளிச்சத்தில் எல்லா நிறத்துக்கும்
காய்ச்சல்காரரின் முகம்.
நாவல் மட்டும் அசையவில்லை.

திரைச்சீலை கடுகு மஞ்சள்.
பொருந்தாது என்றாள் மகள்,
தொலைபேசியில், பார்க்காமலே.
கட்டிலடியில் ஒரு பச்சைக் கம்பளம்.
அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

முதல் விருந்தாளி, இவருடைய ஒன்றுவிட்ட தம்பி.
கல்கரி விமானம் பனிப்புயலில் ரத்தாகி
இரவு ஒன்றரைக்கு வந்தான்,
ஐந்து மணிக்குப் போனான்.
'உங்களை எழுப்பக்கூடாதெண்டு
லைற்றே போடேல்லை அண்ணி.
நல்ல சூடான அறை.'
விமான நிலையத்திலிருந்து செய்தி.

அவன் படுத்த கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.
எட்டரைக்குத்தான் விடிந்தது.
சுவர் கறுப்பை விட்டு
அவசரமில்லாமல் ஊதாவுக்கு வந்தது.
கதவோரம் தூரிகை தவறிய ஓரிடம்,
விரல் அகலம், பழைய வெள்ளை.
டப்பாவில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.
பூசலாம். இப்போதில்லை.

இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்த தயாபரன்
திறந்துகிடந்த கதவை
முழங்கையால் தட்டினார்.