மூன்றாவது ஈ

வெள்ளிக்கிழமை பனிச்சாலையைத் திறக்கிறார்கள்.
இன்று செவ்வாய்.
கழற்றி எடுத்துப்போன கருவி ஒன்றின் கடைசி எண்ணையே
என் செயலி இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது:
இருபத்தாறு சென்டிமீட்டர்.
கடலின் மேல் நிஜத்தில் இருப்பது பத்தொன்பது.

திருத்தம் ஒரே வரி. எழுத நாலு நிமிடம்.
ஆனால் கையொப்பம் இட வேண்டும்,
பதினோரு வருடத்துக்கு முன் இட்ட
அதே சாவியால்.
இல்லாவிட்டால் தீவிலுள்ள ஆயிரத்து எழுநூறு கைப்பேசிகளும்
என்னை வாசலிலேயே நிறுத்திவிடும்:
கையொப்பம் பொருந்தவில்லை.
நான் பெற்றதுதான்.
யார் நீ என்கிறது.

சாவிக்கோப்பு கிடைத்துவிட்டது.
தூண்டில் பெட்டியில், ஈயக்குண்டுகளுக்கு நடுவே,
ஒரு பென்டிரைவில்.
கிடைக்காதது கடவுச்சொல்.

விடிய விடியத் தட்டினேன்.
நாயின் பெயர். அதற்கு முன் செத்த நாயின் பெயர்.
படகின் பதிவெண்.
பனிச்சாலைக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்:
முதலில் தட்டியதே அதைத்தான்,
பெரிய எழுத்தில், சிறிய எழுத்தில்,
தலைக்குமேல் புள்ளி வைத்து, வைக்காமல்,
பின்னால் வருடத்தைச் சேர்த்து.
தவறு. தவறு. தவறு.
இந்த இயந்திரத்துக்குக் கோபமே வருவதில்லை.
வந்திருந்தால் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

ரைவோவைக் கூப்பிட்டேன்.
பிரிந்து ஆறு வருடம். நார்வேயில் சால்மன் பண்ணை.
அவன் குரலுக்குப் பின்னால் பம்ப் இரைந்தது.
அவன்தான் கொண்டுபோய்விட்டான் என்று
துறைமுக அலுவலகம் வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

"நான் வைக்கவில்லை, ஹெல்வே.
நீதான் தட்டினாய்.
கரண்ட் போயிருந்தது, நான் டார்ச் பிடித்திருந்தேன்.
திரும்பிக்கொள் என்றாய்.
திரும்பிக்கொண்டேன்."

கொஞ்சம் சும்மா இருந்தான். பிறகு,
"சாற்றைக் கொட்டியது மட்டும் நான்தான்" என்றான்.
எந்தச் சாறு என்று கேட்பதற்குள்
யாரோ அவனை அழைத்துவிட்டார்கள்.

விறகுக் கொட்டகையில் கிடந்தது அந்த மடிக்கணினி.
பேட்டரி உப்பி, மூடி மூட முடியாமல்.
விசைகளுக்கிடையே மஞ்சளாக உறைந்து கிடந்தது
முட்புதர்ப் பழச்சாறு.
வன்தட்டைப் பிடுங்கி, கம்பியில் மாட்டி,
பழைய கோப்புகளுக்குள் இறங்கினேன்.

செயலியைக் கட்டிய கருவி
யாரும் கேட்காமலே ஒரு நாட்குறிப்பு எழுதியிருக்கிறது.
ஆயிரக்கணக்கான குப்பை வரிகள்.
நடுவில், ஒட்டுத்துணி இல்லாமல்,
என் ரகசியம்.

அதே சொல்.
முதல் முயற்சியில் தட்டிய அதே பனிச்சாலை.
முடிவில் இரண்டு ஈ வரவேண்டிய இடத்தில்
மூன்று.

பிசுபிசுத்த விசை, அழுத்தி எடுத்தால்
ஒன்றைக் கூடுதலாகக் கக்கியிருக்கிறது.
உறுதிசெய்ய மறுபடி தட்டு என்றபோது
மறுபடியும் அதே திக்கல்.
இரண்டும் ஒத்துப்போனதால்
சரி என்று எடுத்துக்கொண்டது.
அந்த இருட்டில்,
சாற்றில் ஒட்டிக்கொண்ட மூன்றாவது ஈயை
நான் பார்க்கவில்லை.

பதினோரு வருடமாக
என் பிழைதான் நான்.
பிழையில்லாமல் எழுதும் யாரையும்
அந்தப் பூட்டு உள்ளே விடாது,
என்னையும் சேர்த்து.

வெள்ளி காலை, தபால் வேனோடு
கரையில் நின்றாள் லெம்பி.
சீட்பெல்ட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள்;
பனியில் அதைப் போடக்கூடாது, மூழ்கினால் வெளியே வர வேண்டும்.
கைப்பேசி ஒருமுறை நடுங்கியது.
பார்த்தாள். பத்தொன்பது.
ஒன்றும் சொல்லாமல் பின்கதவைத் திறந்து
இரண்டு பெரிய பெட்டிகளைக் கரையில் இறக்கிவைத்தாள்,
மூன்றாவதைத் தூக்கி எடைபார்த்து
மறுபடி உள்ளே வைத்தாள்.
மெதுவாகப் போனாள்.
பனி அடியில் ஏதோ முனகியது; அது எப்போதும் முனகும்.

ரைவோவுக்கு மூன்று எழுத்து மட்டும் அனுப்பினேன்.
ஈ ஈ ஈ.
புரிந்திருக்காது.
மாலையில் ஒரு சிரித்த முகம் வந்தது,
எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற
அந்த மஞ்சள் முகம்.