வகுத்தல் கணக்கு

ஆகஸ்டா, நான்காம் வகுப்பு, வியாழக்கிழமை.
ஜாடியை மேசைமேல் ஏற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அரைப் பன்றி உப்போடு அடங்கும்.
வாய் உடைந்த ஜாடி, அதனால்தான்
தொட்டுப் பார்க்க அனுமதி.

கழுத்தோரம், மண் ஈரமாய் இருந்தபோது
குச்சியால் கீறிய இரண்டு வரி:
"உப்பிடு, இறைச்சியிடு, இறுக மூடு.
அடியில் என் பெயரும் ஊறட்டும்."

எழுதத் தெரிந்த கைக்குச் சவுக்கடி விழுந்த காலம், என்றேன்.
கிஸாயா மட்டும் எழுத்தின் குழிக்குள்
சுண்டுவிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு பண்ணைக் கணக்கேட்டின் நகல்.
பெரிய ஜாடி, இரண்டு டாலர்.
அதே பக்கம், அதே மை:
ஸிப்பியோ, குயவன், தொள்ளாயிரம்.

லெமுவேல் பென்சிலைக் கடித்தான்.
"நானூத்தி அம்பது ஜாடி. அவ்வளவுதானா?
செஞ்சு முடிச்சா அவரையே அவர் வாங்கிடலாமே."
விடை சரி. பலகையில் எழுதினேன்.

கடைசி வரிசையிலிருந்து டவாரிஸ்:
"ஜாடியும் அவரோடது இல்லையே, மிஸ்."

அழிப்பானை எடுத்தேன், வைத்தேன்.
மணி அடித்துவிட்டது.
பையை மாட்டியபடி ஒருத்தி
உடைந்த வாய்க்குள் குனிந்து
ஸிப்பியோ, என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.
அடுத்து நின்றவன்
"தள்ளு, நான்," என்றான்.