ஐந்நூற்றுக்குக் கீழே

நிலவறையில் என் மேசை.
சன்னல் தரைமட்டம்.
டொயாமாவின் பனியையும்
சக்கர நாற்காலிகளின் சக்கரங்களையும் தவிர
எதையும் காட்டாது அது.

மேலே இருந்து குழாய்கள் வரும்.
ஒட்டிய தாளில்
மிசோகுச்சி தொமொஹாரு, வயது பதினொன்று.
ஆறு ஆண்டுகளாக அவனைத் தெரியும் எனக்கு,
இரண்டு மில்லி, இரண்டு மில்லியாக.

வலிக்கிறதென்று அவனுக்குச் சொல்லத் தெரியாது.
சரியாக இருமவும் வராது.
முதுகெலும்பு ஆற்று வளைவாய்த் திரும்பிவிட்டதில்
எக்ஸ்ரே படத்தில் எது நிழல், எது நுரையீரல் என்று
குவாபாரா டாக்டரே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

ஆனால் நுரையீரலின் உட்சுவர் புண்பட்டால்
ஒரு புரதம் ரத்தத்தில் கசியும்.
கே.எல்-6.
பேருந்துத் தடத்துக்கு வைத்த பெயர் போல.
ஐந்நூறு வரை பயமில்லை.

மார்ச்சில் முந்நூற்றுப் பத்து.
ஜூனில் நானூற்று ஐம்பது.
அக்டோபரில் இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு
மூன்று முறை ஓட்டினேன்:
எழுநூற்று முப்பத்தொன்று.

காய்ச்சல் இல்லையே, என்றாள் செவிலி தொலைபேசியில்.
சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.
ஞாயிறன்று அம்மா வந்தார்,
பீச் ஜெல்லி ஊட்டினார்,
கிண்ணம் காலி.

அந்தக் கிண்ணம்தான்.
விழுங்கினான் என்று எல்லோரும் மகிழ்ந்ததில் பாதி
சத்தமே இல்லாமல்
மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கிறது,
ஞாயிறு தோறும்.

நான் அச்சிட்ட ஒரு தாள்
இரண்டு மாடி ஏறிப்போய்
ஒரு தாயின் கையிலிருந்து
கரண்டியை வாங்கிக்கொண்டது.
வயிற்றில் துளையிட்டார்கள். பால் குழாய் வழியே.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
நன்றி என்றுகூட ஒரு குறிப்பு வந்தது.
அன்று மதியம் சோற்றுப்பெட்டியைத் திறந்தேன்,
நடுவில் உப்புப் பிளம்,
பார்த்ததுமே வாய் ஊறியது.
மூடிவிட்டேன்.

பிப்ரவரியில் நானூற்று இரண்டு.
தொலைபேசியை எடுக்காமல்
நானே படியேறினேன்.

இவ்வளவு நீளமாக இருப்பான் என்று
நினைத்ததே இல்லை.
போர்வைக்கு வெளியே கால்விரல்கள்;
ஒன்றில் மட்டும் யாரோ நகம் வெட்ட மறந்திருந்தார்கள்.
மித்சுயோ, அவன் அம்மா,
பஞ்சுக் குச்சியைப் பீச் சாற்றில் தோய்த்து
பிழிந்தார், மறுபடி பிழிந்தார்,
கீழுதட்டில் ஒரு கோடு மட்டும் இழுத்தார்.
நாக்கு வெளியே வந்து
வெகுநேரம் தேடியது.

நீங்கள் யார் என்று கேட்டார்.
கீழே ரத்தம் பார்ப்பவன்.

ஓ, என்றார் குச்சியைக் கீழே வைக்காமலே,
அப்படியானால்
உங்களிடம்தான் இவன் எல்லாம் சொல்கிறான்.

அது புகாரா, பொறாமையா,
அல்லது என்னை வீட்டாளாய்ச் சேர்த்துக்கொண்டதா,
அளக்க என்னிடம் இயந்திரமில்லை.
குனிந்து வணங்கிவிட்டு இறங்கினேன்.

கீழே மையவிலக்கி
வேறு யாருடைய குழாயையோ
சுழற்றிக்கொண்டிருந்தது.
சன்னலில் ஒரு சக்கரம்
பனியில் சிக்கி, முன்னும் பின்னும்.