பெயர் எண்ணிக்கை: இரண்டு

பத்து ஐம்பதுக்குப் பாதுகாப்பு அப்டேட் முடிந்தது.
செக்காலை ரோட்டில் யாரோ
டீ பாய்லரைக் கவிழ்த்துக் கழுவுகிற சத்தம்.
எல்லாம் சரி என்கிறது திரை.
கமருன்னிஸா பையை மாட்டிக்கொண்டு
பூட்டலாமா சார் என்கிறாள்.

இரும்மா.

பழுதான நிரலின் இடத்தில் புதியது உட்கார்ந்தாயிற்று.
ஆனால் பழையதின் வரியை
நேற்றே காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்.
அனுமதி எழுத்துகளுக்கு அடுத்து
ஒன்று இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் இரண்டு.

இரண்டு கோப்பு என்று பொருளல்ல.
ஒரே உடம்புக்கு இரண்டு பெயர்.
அப்டேட் அடித்தது ஒரு பெயரை.
இன்னொரு பெயரில் அது எங்கோ
உயிரோடு, ஓட்டையோடு,
ரூட்டின் அதிகாரத்தோடு.

எனக்கு இது புதிதில்லை.
கண்டனூரில் நான் சாத்தப்பன்.
பதினோரு வயதில் பள்ளத்தூருக்குப் பிள்ளை வந்து
வயிரவன்.
இன்ஷியலும் மாறிற்று.
பத்திரத்தில் எல்லாம் சுத்தம்.
பஸ் ஸ்டாண்டில் எவனாவது எவனையாவது
சாத்தப்பா என்றால்
கழுத்து மட்டும் திரும்பிவிடும்.

உடம்பின் எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்னேன்.
வட்டு இருபது நிமிடம் முனகியது.
கிடைத்த இடம் இன்னாசியின் அடைவு.
மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டு
சிங்கப்பூர் போனவர்.
கோப்புக்கு அவர் வைத்த பெயர்:
பழசு_வேணாம்_2.

இன்னாசி சார் அப்படிப்பட்டவர் இல்லையே
என்கிறாள் கமருன்னிஸா.
இல்லைதான்.
நகைக்கடன் வட்டிப் பட்டியல்
தினமும் காலை ஆறுக்கு
இதன் முதுகில் ஏறித்தான் அச்சாகிறது.
அனுமதி கேட்டு அலைய அலுத்து
ஒரு குறுக்குவழி போட்டிருக்கிறார்.
நாங்கள் எல்லோரும் அதில் நடந்திருக்கிறோம்,
தெரியாமல்.

முதலில் அழிக்கவில்லை.
அதிகாரத்தைக் கழற்றினேன்.
ஒரு பெயரில் கழற்றினால் போதும்,
நான் காணாத பெயர் எங்கே இருந்தாலும்
அங்கேயும் கழன்றுவிடும்.
பிறகு,
அதைத் திறந்து பிடித்திருந்த ஒன்றை நிறுத்தினேன்.
பிடி விடாதவரை
பெயரில்லாமலும் கிடக்கும் அது.
பிறகுதான் பெயர்.

நாளை ஆறு ஐந்துக்கு மேலாளர் போன் வரும்.
பட்டியல் எங்கே என்பார்.
சொல்லிக்கொள்ளலாம்.

பதிவேட்டில் நீக்கியவர் கையெழுத்து என்ற கட்டம்.
தூக்கம்.
பேனா பழைய இன்ஷியலில் தொடங்கிவிட்டது.
அடித்து, பக்கத்தில் அரு. வயிரவன் என்று எழுதினேன்.

அடித்தல் திருத்தலுக்கும்
ஒரு கையெழுத்து வேணும் சார்
என்கிறாள் கமருன்னிஸா,
சாவியை எடுத்தபடி.