மீதி

லெ லோக்ல். ஞாயிறு காலை. வெளியே பனி.
வெள்ளி மாலை சாவி கொடுத்த மூன்று கைக்கடிகாரங்கள்
மேசைமேல் இன்னும் ஓடுகின்றன.
ஒதீல் ஷப்புயி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

முதலாவதில் விசிறி. முள் சரிகிறது,
விருந்தில் தூக்கம் சொக்குகிறவனின் தலை மாதிரி.
இரண்டாவதில் ஒரு நேர்கோடுதான்.
ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியோடு
போட்டி போட்டு இறங்குகிறது.
மூன்றாவது முகத்தில் எதையும் காட்டாது.
கழற்றிப் புரட்டினால்
முதுகில் ஒரு சின்னப் பிறை.
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடிந்து வரும் பஸ்தியான்
"நல்லாத்தான் இருக்கேன்" என்பான், அதுபோல.

விற்பனைப் பிரிவிலிருந்து குறிப்பு:
சிவப்பு வேண்டாம்,
வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள்.

ஆனால் கடைசி எட்டு மணி நேரம்
கடிகாரம் ஓடும்,
நேரம்தான் பிசகும்.
சுருளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்,
சக்கரத்தின் வீச்சில் தெம்பிருக்காது.
அதையும் கையிருப்பு என்று எழுதுவதா?

பென்சில் எடுத்தாள்.
பூஜ்யத்தை எட்டு மணி முன்னால் நகர்த்தினாள்,
மூன்று வரைபடத்திலும்.
சிவப்பே இல்லை.

அப்புறம் வீட்டுக்கு போன் செய்தாள்:
"நாளைக்கு லீவு சொல்லிடு."

"ஏன்? நல்லாத்தானே இருக்கேன்."