ஆண்டு மட்டும் எழுதிய ஜாடிகள்

பத்திரத்தில் கிணறு இருந்தது,
விறகுக் கொட்டகை இருந்தது,
விரிசல் விட்ட சானா அடுப்புகூட இருந்தது.
செடிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எஸ்தோனியாவின் தென்கோடியில், ஏப்ரல் சேற்றில்,
லைனே என்ற, நாங்கள் பார்த்தேயிராத ஒருத்தியின் தோட்டம்
சாவியோடு கைமாறியது.

எண்ணினேன். ஒன்பது புதர்கள்.
கசக்கிய தளிரில் பூனை நெடி; அப்படியானால் கருப்புக் கரண்ட், நான்கு.
கூஸ்பெர்ரி கையைக் கிழித்துத் தன்னை அறிவித்தது.
ராஸ்பெர்ரி வேலி தாண்டி
ஹெல்கியின் உருளைக்கிழங்குப் பாத்திவரை போயிருந்தது.
மிச்சம் மூன்று.

இந்த்ரெக் மின்வாரியத்தில் மீட்டர் பார்ப்பவன்.
எண் இல்லாத எதையும் நம்பமாட்டான்.
ஓட்டுச் சில்லுகளில் வெள்ளைப் பெயின்டால்
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அடியில் நட்டான்.
மிர்தெலுக்கு வயது மூன்றரை.
கண்டதெல்லாம் அவளுக்கு வாய்க்குள் போகும் பண்டம்.

ஹெல்கியைக் கேட்டேன்.
"ஆண்டுதோறும் ஜாம் தருவாள், தின்போம்.
என்ன பழம் என்று கேட்டதில்லை.
அவளே அதை 'அது' என்றுதான் சொல்வாள்."
எது அது?
"அதுதான்."

ஒன்றுக்கு எதிரெதிர் இலை.
பட்டை பழைய கடிதம்போல் உரிகிறது.
ஸ்ட்ராபெர்ரிக்கு முன்பே, ஜூனில்,
நீண்ட நீலப் பழங்கள், மேலே சாம்பல் பூச்சு.
இரண்டுக்கு மாறி மாறி இலை.
பூதக்கண்ணாடி வைத்தால் நடுநரம்பில்
கறுப்பு மயிர்கள், எறும்பு வரிசை.
காய்க்கு அடியில் ஐந்து முனைக் குழி:
ஆப்பிளின் ஏழை உறவு.
மூன்று, நாங்கள் வந்த வாரமே
இலையில்லாத குச்சியில் ஊதாப் பூவாக அப்பிக்கொண்டு
சேறு முழுக்க மணத்தது.
ஜூலையில் அதே இடங்களில் சிவப்புக் காய்கள்,
காம்பே இல்லாமல், தண்டில் ஒட்டவைத்த மாதிரி.
பறவை தின்கிறதே என்றான் இந்த்ரெக்.
பறவை வயிறு பறவைக்கு.

நிலவறையில் நாற்பத்தொரு ஜாடிகள்.
ஒட்டுத்தாளில் ஆண்டு மட்டும். பழத்தின் பெயர் எதிலும் இல்லை.
தெரிந்தவளுக்கு எதற்குப் பெயர்?
தொண்ணூற்றொரு வயதுவரை இதைத்தானே தின்றாள்
என்று துணிந்து திறந்தோம்.
2011: கருநீலம், புளிப்பு,
நாக்கில் தட்டாத பொடி விதைகள். ஒன்றாம் எண், ஹனிபெர்ரி.
2014: கறுப்பு. ஒரு கரண்டிதான்,
நாக்கு கம்பளி போர்த்திக்கொண்டது.
அந்தத் துவர்ப்பு அரோனியா அன்றி வேறில்லை.
சிவந்தவற்றில் எல்லாம் பல்லிடுக்கில் ராஸ்பெர்ரி விதை.
மூன்றாம் எண் எந்த ஜாடியிலும் இல்லை.

இல்லாததைப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.
பிறகு நூலகத்துப் புத்தகத்தில் படம்:
டாஃப்னி. சில காய்களே போதும்,
ஒரு குழந்தையைச் சாய்க்க.

கோடரியோடு போன இந்த்ரெக்
புல்லுக்குள் கால் இடறி நின்றான்.
புதரைச் சுற்றித் துருப்பிடித்த கம்பி வளையம்,
முழங்கால் உயரம்.
முயலுக்குப் போட்டது என்று நினைத்திருந்தோம்.
லைனேவுக்குப் பிள்ளைகள் இல்லையே?
"இல்லை," என்றாள் ஹெல்கி,
"என் நாலும் அங்கேதான் கிடக்கும்."

கோடரி சுவரில் சாய்ந்தது.
வெட்டியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்,
இரவில், ஜன்னலருகே நிற்கும்போது.
ஆனால் பனி முழுதும் உருகாத முற்றத்தில்
அந்த மணம் ஒருத்திக்கு என்னவாக இருந்திருக்கும்
என்பதும் கூடவே வருகிறது.
கம்பியை நிமிர்த்தினான். மேலே இரண்டு சுற்று சேர்த்தான்,
மிர்தெலின் தோளை அளந்து.

ஆகஸ்டில் எங்கள் முதல் ஜாடிகள்.
பெயர், ஆண்டு, புதர் எண்,
கிணற்றிலிருந்து எத்தனை அடி,
எல்லாம் எழுதினேன், அடுத்து வருபவர்களுக்காக.
மிர்தெலுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.
அலமாரியைப் பார்த்துக் கை நீட்டுகிறாள்:
"அது."