வாங்கியதைவிடக் கூடுதல்

அனலைசரை எழுப்பி ஒரு மணி நேரமாகிறது.
இன்னும் கொஞ்சம் சூடேறட்டும் என்கிறாள் ரௌஹா.
ஓவுலுவில் இன்று மைனஸ் இருபத்தாறு.
வாசலில் கழற்றிய பூட்ஸிலிருந்து
பனி உருகி வடிகால் தேடிப் போகிறது.
உள்ளே இருபத்து மூன்று டிகிரி,
அரை டிகிரி ஏறினாலும் எங்கள் இருவர் கண்ணும்
சுவர் வெப்பமானிக்குத்தான் போகும்.

மேசையில் கிடப்பது
விரல் நீளத்துக்கு ஒரு தங்க முலாம் குழாய்,
இருபுறமும் துளை.
சொடாங்கிலாவில் ஒரு கிண்ண ஆண்டெனாவுக்கும்
அதன் முதல் பெருக்கிக்கும் நடுவே உட்காரப் போவது.
மின்கலம் கிடையாது, மூளை கிடையாது;
வாங்கும், கடத்தும்.
வழியில் எவ்வளவு தின்னும்
என்பதுதான் எங்களிடம் வந்த கேள்வி.

நேற்று மாலை அளந்தேன்.
கூட்டல் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு டெசிபெல்.
கூட்டல்.
கேட்காமலே வட்டி சேர்த்துத் திருப்பித் தரும் கடனாளி,
அதுவும் ஒரு பித்தளைத் துண்டு.
நான் அதை நம்பவில்லை.
ஆனாலும் அறிக்கையில் தட்டச்சு செய்து
கையெழுத்துக்கு வைத்துவிட்டு
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.
காலையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
திட்டியிருந்தால் தேவலை.

ஆக, முதலிலிருந்து.
ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மரைகளைத் துடைக்கிறேன்.
ஷார்ட்டைப் பூட்டி, முறுக்குச் சாவி
டிக் என்று மடங்கும்வரை காத்திருக்கிறேன்:
அலை சுவரில் மோதித் தலைகீழாய்த் திரும்புகிறது.
ஓப்பன்: கதவு திறந்தே இருந்தும்
வெளியேற மனமின்றி நிமிர்ந்தபடி திரும்புகிறது.
லோடு: போனது போனதுதான்.
மறு போர்ட்டுக்கும் இதே மூன்று.
டிக். டிக். டிக்.
எந்த கேபிள் எவ்வளவு விழுங்கும்,
எந்த முனை எவ்வளவு முணுமுணுக்கும் என்று
இயந்திரம் தன் பொய்களைத் தானே
குறித்துக்கொள்கிறது.
கேபிள்களை டேப் போட்டு மேசையோடு ஒட்டியிருக்கிறேன்,
காப்பிக் கோப்பைகூட ஜன்னலோரம்.

நான்காவது படியில்
இரண்டு கேபிள்களையும் முகத்தோடு முகம் சேர்த்து
‘இதுதான் ஒன்றுமில்லாமை,
பூஜ்யம் என்று வைத்துக்கொள்’ என்று சொல்ல வேண்டும்.
அங்கே கை நின்றது.

இரண்டு முனைகளிலும் நீட்டிக்கொண்டு ஊசி.
ஊசியும் ஊசியும் சேராது.
நேற்று நான் இழுப்பறையைத் துழாவி
ஒரு குட்டி இணைப்பியை எடுத்து நடுவில் போட்டேன்,
போகிற போக்கில் விளக்கை அணைப்பதுபோல்.
அது தின்றதையும் சேர்த்துப் பூஜ்யம் என்றேன்.
பிறகு அதைக் கழற்றி வீசினேன்.
அதன் கணக்கு மட்டும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது.
தங்கக் குழாய் தாராளம் காட்டவில்லை;
பந்தியில் இல்லாதவனுக்குப் பரிமாறியது
அதன் இலையில் விழுந்திருக்கிறது.

ரௌஹாவிடம் சொன்னேன்.
‘எனக்கு அதெல்லாம் தெரியாது,’ என்றாள்,
‘அந்தக் கூட்டல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.’

இணைப்பியைத் தேடி எடுத்தோம்.
பக்கவாட்டில் ஒரு கீறல். சான்றிதழ் எதுவுமில்லை.
எவ்வளவு நீளம், எவ்வளவு இழப்பு,
யாருக்கும் தெரியாது.
தெரியாததற்கும் மெனுவில் ஓர் இடம் இருக்கிறது.
அதைப் பற்றி ஒரே ஓர் உறுதி தந்தால் போதும்:
இந்தப் பக்கமிருந்து போனாலும்
அந்தப் பக்கமிருந்து வந்தாலும்
ஒரே மாதிரி நடத்தும் என்று.
எத்தனை பேருக்கு நான் அப்படி உறுதி தருவேன்
என்று எண்ணத் தொடங்கி
மூன்றாவது பெயரில் விட்டுவிட்டு
பொத்தானை அழுத்தினேன்.

கோடு மெல்ல நகர்ந்தது.
ஜன்னலில் மூன்று மணிக்கே இருள்.
தங்கக் குழாயை மாட்டினோம். டிக்.
கழித்தல் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
கொஞ்சம் தின்கிறது. எல்லோரையும்போல.

ரௌஹா தன் கேள்விக்குறியை அழித்தாள்.
விளக்குச் சாய்வில்
அதன் பள்ளம் மட்டும் காகிதத்தில் தெரிந்தது.
நான் அந்தக் குட்டி இணைப்பிக்கு
நூலில் ஒரு சீட்டுக் கட்டி
இரண்டே சொல் எழுதினேன்:
பூஜ்யம் அல்ல.